எதிரே வந்த முகையூர்

ராக்கெட் ஏவுதளத்தில் நின்றுகொண்டிருந்தது. என் விரல் ஸ்பேஸ் பாரின் மேல் இருந்தது.

எனக்குப் பின்னால், எங்கள் திண்டிவனம் வீட்டு ஹாலில், பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் தோழி நஸ்ரினின் அத்தா உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடித்துவிட்ட கை, வீடு முழுக்க அத்தர் வாசனை. சமையலறையில் அம்மா கேப்பை அடை தட்டிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு வாசனையும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். எனக்கு விண்வெளியின் வாசனை என்றால் இன்றைக்கும் அதுதான்.

"உடட்டுமா அத்தா?" என்றேன். நஸ்ரின் தன் அப்பாவை அத்தா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

"உடும்மா. இதுல இன்னா யோசன?"

அழுத்தினேன். திரையில் புகை கிளம்பியது. மடிக்கணினியின் விசிறி அதைவிட அதிகமாகச் சத்தம் போட்டது. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த நஸ்ரின் துப்பட்டா நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கடித்ததற்குக் காரணம் இருந்தது. சென்னையில் கணினி விளையாட்டு தயாரிக்கும் நிறுவனம் ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அத்தா சவுதியில் ஏ.சி. மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவு. அந்த லீவு முடிந்து மறுநாள் அவருக்கு விமானம். அவர் சரி என்று சொல்லிவிட்டு ஏறினால் இவள் சென்னைக்குப் போவாள். சொல்லாமல் ஏறினால் பாண்டியை ஒட்டிய கோட்டக்குப்பத்து வீட்டிலேயே அடுத்த லீவு வரைக்கும் இருக்க வேண்டியதுதான். அதுவரை அந்த வேலை இவளுக்காகக் காத்துக்கொண்டிருக்காது.

அவர் கெடுபிடியான மனிதர் இல்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அது இன்னா வேலைன்னே எனக்குப் புரியலம்மா. புரியாத வேலைக்குப் பொண்ண எப்படி அனுப்பறது?" என்றுதான் கேட்டார். நஸ்ரின் ஒரு வாரமாக அவருக்குப் படம் படமாகக் காட்டியிருக்கிறாள். அவர் கடைசியில், "போட்டோவா காட்டற. போட்டோ யார் வேணா காட்டுவாங்க. இங்கருந்து கெளம்பி அங்க போறத காட்டு" என்று சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

களிமண்ணில் இல்லை

நானும் ஒரு தோழியும் சேர்ந்து கிரகங்கள் செய்தோம் என்று போன வாரம் போகிற போக்கில் எழுதியிருந்தேன். உடனே ஒரு வாசகி, "கிரகம் செய்தேன் என்கிறீர்களே, களிமண்ணிலா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி.

ராக்கெட் கட்டி, ஏவி, வேறு கிரகத்தில் இறக்கும் கணினி விளையாட்டு ஒன்று உண்டு. சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. புவியீர்ப்பு, எரிபொருள், வேகம், இவற்றோடுதான் சண்டை. எனக்கு அது கிறுக்குப் பிடித்த மாதிரி பிடித்திருந்தது. அந்த விளையாட்டோடு வரும் கிரகங்கள் பழகிப் போனதும், நாமே புதிதாகக் கிரகங்கள் செய்து அதற்குள் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்க்கும் சரக்குக்குப் பெயர் மாட். உலகம் முழுக்க ஆட்கள் இதைச் செய்கிறார்கள், சும்மா, ஆசைக்காக.

நாங்கள் செய்தது ஒரு முழு சூரியக் குடும்பம். விளையாட்டில் ஏற்கெனவே இருக்கும் சூரியனும், ராக்கெட் கிளம்பும் தாய்க்கோளும் அப்படியே இருக்கும். மற்றதெல்லாம் எங்களுடையது. காய்ந்து சிவந்த கோள் முகையூர். அது என் அப்பாவின் ஊர். எந்நேரமும் புயல் சுற்றும் பெரிய வாயுக்கோளுக்குக் கண்டாச்சிபுரம் என்று பெயர் வைத்தோம். அங்கே சந்தை நாளில் நின்று பார்த்தவர்களுக்குப் பெயர்க்காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சுற்றும் குட்டி நிலா ஆமாத்தூர்.

பிரேசிலிலோ எங்கேயோ இருந்து ஒருவர் எங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "முகையூரின் சூரிய உதயத்துக்காகக் காத்திருக்கிறேன்" என்று எழுதினார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு என் அப்பா அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய ஊர் அது. அந்த ஊருக்குப் போக ஒருத்தர் ராக்கெட் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்.

ரயிலில் கிடைத்த தோழி

நான் விழுப்புரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் கணினிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வீடு திண்டிவனம். தினமும் பாசஞ்சர் ரயில்தான். மாட் வேலையில் பாதி அந்த ரயிலில் நடந்தது. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையின் பாகு வாசனை ஜன்னல் வழியாக வரும்போது மடிக்கணினியைத் திறந்தால், மயிலம் தாண்டும்போது மூடுவேன்.

எனக்கு எண்கள் வரும். படம் வராது. நான் செய்த முதல் கோளைப் பார்த்து என் அம்மாவே, "இன்னாடி இது, அழுவிப்போன கத்திரிக்கா மாதிரி கீது" என்றாள். அதனால் மாட் செய்கிறவர்கள் கூடிப் பேசும் இணையதளத்தில், கோள்களின் மேற்பரப்பு வரைய ஆள் வேண்டும் என்று கேட்டுவைத்தேன். 'நூர்' என்ற பெயரில் ஒருவர் பதில் போட்டார்.

மாதக்கணக்கில் நாங்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டோம். என் ஆங்கிலம் பாலிடெக்னிக் ஆங்கிலம். நூரின் ஆங்கிலம் அதற்கும் ஒரு படி கீழே. துருக்கியிலோ எகிப்திலோ தாடி வைத்த ஒரு ஆள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அவள் என்னை ஒரு வெள்ளைக்காரத் தாத்தா என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். கோள்களுக்கு அப்போது வெறும் எண்கள்தான், ஊர்ப் பெயர்கள் பிறகு வைத்தவை.

ஒருநாள் விழுப்புரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, திரையைப் பதிவு செய்து அவளுக்கு ஒரு வீடியோ அனுப்பினேன். பின்னணியில் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கி, விழுப்புரம் பெயரோடு ரயில்வே அறிவிப்பு ஓடியிருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

பதில் உடனே வந்தது. ஆங்கில எழுத்தில், ஆனால் சுத்தமான நம்ம ஊர்த் தமிழில்: "ஐயோ, நீங்க விழுப்புரமா? நான் கோட்டக்குப்பம்."

பிளாட்பாரத்திலேயே கத்திவிட்டேன். பக்கத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பொட்டலத்தோடு தள்ளி உட்கார்ந்தார். அடுத்த ஞாயிறு அந்த நூர், அதாவது நஸ்ரின், எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒல்லியாக ஒரு பெண், தோளில் பெரிய பை, வாய் மட்டும் ஓயவே ஓயாது. வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், "அக்கா, உங்க பெரிய கோளு கலரு நல்லாவே இல்லக்கா, ரெண்டு நாள் சாம்பார் மாதிரி கீது" என்றாள். அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

தோலில் ஏறிய மலை

கோளுக்கு மலையும் பள்ளமும் எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கொடுக்க வேண்டும். வெள்ளையாக இருக்கும் இடம் மேடு, கறுப்பு பள்ளம், சாம்பல் நிறம் நடுவாந்தரம். விளையாட்டு அந்தப் படத்தைக் கோளின் மேல் போர்த்தி மலையாக எழுப்பிவிடும்.

மற்றவர்கள் செயற்கைக்கோள் படங்களை எடுத்து ஒட்டுவார்கள். நஸ்ரின் அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. "அது இன்னொருத்தரு மலை. நமக்கு எதுக்கு?" என்பாள். அவளுக்குக் கையில் கிடைப்பதெல்லாம் மலைதான். தட்டில் கேப்பை மாவைப் பரப்பி, மேலே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, விழுந்த குழிகளைப் போனில் படம் எடுத்தாள். ஆமாத்தூர் நிலாவின் பள்ளங்கள் அவைதான்.

முகையூருக்கு மட்டும் எதுவும் சரிப்படவில்லை. ஒருநாள் எங்கள் வீட்டில் அம்மா அவித்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தவள், தோலைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலே நீள நீளமாக வரப்பு, குறுக்கே சின்னச் சின்ன வரப்பு, நடுவில் குழி. ஜன்னல் ஓரம் கொண்டுபோய், வெயில் சாய்வாக விழும்படி வைத்து, போனைக் கிட்டே கொண்டுபோனாள்.

"அக்கா, ஜல்தி வா. மல கெடச்சிடுச்சி."

அந்தப் படத்தை ஏற்றிக் கோளைத் திறந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் மலைத்தொடர், இடையில் ஆழமான பள்ளத்தாக்குகள், அதில் சாயங்கால வெளிச்சம். நானும் அவளும் கையைப் பிடித்துக்கொண்டு ஹாலில் குதித்தோம். அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மிச்சத் தோலைக் கூட்டிக் குப்பையில் போட்டாள்.

சென்னை நிறுவனம் அவளைக் கூப்பிட்டது அந்தப் படங்களைப் பார்த்துத்தான்.

நாங்கள் போனதே இல்லை

இங்கே ஒரு விஷயம் சொன்னால்தான் அன்றைக்கு நடந்தது புரியும். இத்தனை கோள் செய்தோமே தவிர, அதில் ஒன்றுக்குக்கூட நாங்கள் தாய்க்கோளிலிருந்து பறந்து போனது கிடையாது.

வேலை செய்கிறவர்களுக்கு என்று விளையாட்டில் ஒரு குறுக்கு வழி உண்டு. கோளின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் கப்பலைத் தூக்கி நேரே அந்தக் கோளின் பக்கத்தில் வைத்துவிடும். மண் நிறத்தை மாற்றினோமா, குறுக்கு வழியில் போய் இறங்கிப் பார்த்தோமா, வந்தோமா என்று இருந்தோம். ஒழுங்காகப் பறந்து போவதென்றால் ஒவ்வொரு தடவையும் அரை மணிக்கு மேல் போய்விடும். யாருக்கு நேரம்?

நேர்ந்துகொண்டு செய்தது மாதிரி, முதன்முதலாக நாங்கள் முழுப் பயணம் போனது அத்தா பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காலையில்தான்.

ராக்கெட் நன்றாகவே ஏறியது. கீழ்க்கட்டு கழன்று விழுந்ததும் அத்தா, "ஐயய்யோ, ஒடஞ்சிடுச்சா?" என்றார். "அது அப்படித்தான் அத்தா. வேல முடிஞ்சதும் கழட்டி வுட்டுடுவோம்" என்றாள் நஸ்ரின். அவர் தலையாட்டினார். தாய்க்கோளைச் சுற்ற ஆரம்பித்தோம். நீலக் கடல் கீழே ஓடியது. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார். எனக்கு வாயெல்லாம் பல்.

பிறகு முகையூருக்குப் பாதை போட்டேன். நாம் போகப் போகும் வழியை விளையாட்டே கோடாகப் போட்டுக் காட்டும். கோடு முகையூரைத் தொட்டது. நான் கைதட்டினேன். எஞ்சினை எரித்தேன். காலத்தை வேகமாக ஓட்டினேன். மாதங்கள் நொடிகளாகப் பறந்தன.

"அதோ அத்தா, அந்தச் செவப்புப் புள்ளி," என்று நஸ்ரின் காட்டினாள். "அதான் நான் பண்ணது."

புள்ளி மிளகு அளவானது. எலுமிச்சை அளவானது. நான் வேகத்தைக் குறைக்க எஞ்சினைத் திருப்பி எரித்தேன். அப்போதுதான் திரையின் ஓரத்தில் வேகக் கணக்கைப் பார்த்தேன். இருக்கவேண்டிய வேகத்தைப் போலப் பல மடங்கு. இருந்த எரிபொருளை எல்லாம் எரித்தேன். எண் கொஞ்சம்கூட அசைந்து கொடுக்கவில்லை.

முகையூர் திரை முழுக்க நிறைந்தது. மலைகள் தெரிந்தன. அடுத்த நொடி பின்னால் போய்விட்டது. திண்டிவனம் பைபாஸில் எதிரெதிரே வரும் இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று கடக்கிற மாதிரி, விர்ரென்று.

அடை கருகும் வாசனை வந்தது. அம்மாவும் கரண்டியோடு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நிக்கலியா?" என்றார் அத்தா.

நஸ்ரின் துப்பட்டா நுனியை மறுபடி வாயில் வைத்தாள்.

வலமும் இடமும்

எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். யார் மேல் என்று கணக்கில்லை. "இந்த கேமே சரியில்ல. எதையோ மாத்தித் தொலச்சிருக்கானுங்க" என்று கத்தினேன். மடிக்கணினியை மூடப் போனேன்.

நஸ்ரின் என் கையைப் பிடித்தாள். "இரு. மூடாத." கணினியைத் தன் மடிக்கு நகர்த்தினாள். வரைபடத்தைத் திறந்து, முழுச் சூரியக் குடும்பமும் தெரியும்படி தூரமாகப் போய், மேலேயிருந்து பார்த்தாள். காலத்தை ஓட்டினாள். பிறகு விரலைத் திரைமேல் வைத்தாள்.

"அக்கா, இத பாரு. தாய்க்கோள் இந்தப் பக்கம் போவுது. முகையூர் அந்தப் பக்கம் போவுது. கண்டாச்சிபுரமும் அந்தப் பக்கம். நம்ம கோள் எல்லாமே எதுருக்க ஓடுது. நாம அதுக்கு எதுருல போயி நிக்கணும்னா எப்படி நிக்கும்?"

"அது எதுருக்க ஓடல. அதான் சரியான பக்கம். நான்தான் திருப்பி வச்சேன்" என்றேன்.

"நீயா?"

ஆமாம், நான்தான். பல மாதம் முன்பு, ரயிலில், விக்கிரவாண்டி தாண்டியிருக்கும். அப்போது தூரத்துக் கோள்களை மட்டும் திரையில் வைத்து ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் இடமாகச் சுற்றின. பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. ஏதோ தப்பு பண்ணிவிட்டோம், அபசகுனமாக இருக்கிறதே என்று பட்டது. ஒவ்வொரு கோளின் கோப்பிலும் பாதையின் சாய்வு என்று ஒரு எண் உண்டு. அதை நூற்றெண்பது ஆக்கினால் தோசையைத் திருப்பிப் போட்டது போலப் பாதையே கவிழ்ந்து, கோள் எதிர்ப்பக்கம் ஓடும். அத்தனை கோளையும் திருப்பிப் போட்டேன். அழகாக வலம் வந்தன. மனசு நிறைந்து லேப்டாப்பை மூடினேன். தாய்க்கோள் விளையாட்டோடு வந்தது, அதைத் தொடக்கூடாது என்று எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட விதி. அதனால் அது மட்டும் பழைய பக்கமே ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் அப்படிப் பட்டது என்றால், என் அம்மா திருவாமாத்தூர்க்காரி. சின்ன வயதில் அங்கே கோயிலுக்குப் போகும்போதெல்லாம் கல்தரை சுடும். நிழல் இருக்கும் பக்கமாக ஓடலாம் என்று ஒருமுறை இடப்பக்கமாகத் திரும்பினேன். அம்மாவின் குட்டு மண்டையில் விழுந்தது. "பொணத்துக்குத்தான்டி எடமா சுத்துவாங்க." அன்றைக்குத் தலைக்குள் போனது போனதுதான். நவக்கிரகம் என்றால் வலமாகச் சுற்ற வேண்டும் என்பதில் எனக்கு ஒரு கேள்வியும் இருந்ததில்லை. நாம் சுற்றுவதும் கிரகம் சுற்றுவதும் ஒன்றா என்று யோசிக்கக்கூட இல்லை. கணினி சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் நான்.

இதையெல்லாம் நான் கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன். நஸ்ரின் கேட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துத் தரையில் சாய்ந்துவிட்டாள்.

"இன்னாடி சிரிப்பு? சாமிய எடமா சுத்துவாங்களா?" என்று அம்மா எனக்குப் பரிந்துகொண்டு வந்தாள்.

அத்தா மெதுவாகச் சொன்னார். "நாங்க மக்காவுக்கு உம்ரா போனப்ப காபாவ எடக்கைப் பக்கம் வச்சிக்கினுதாம்மா சுத்தனோம். இதோ இப்படி." நாற்காலியின் கைப்பிடிமேல் விரலால் சுற்றிக் காட்டினார்.

அம்மா அடைத் தட்டை அவர் கையில் கொடுத்தாள். "சரி, அது அங்கத்தி வழக்கம். இது இங்கத்தி வழக்கம். ரெண்டும் நல்லதுதான். அட ஆறிப் போவுது, சாப்புடுங்க."

"அத்தா, இது கோயிலும் இல்ல, மக்காவும் இல்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள் நஸ்ரின். "எல்லாம் ஒரே பக்கமா ஓடணும். அவ்ளோதான் பேஜாரு. நான் சரி பண்றேன்."

அவள் அதுவரை எண்கள் இருக்கும் கோப்புகளைத் தொட்டதே இல்லை. நான் கையை நீட்டினேன். "நீ சும்மா இரு. நீ தொட்டா வேற எதையாவது சுத்த வுட்டுடுவ" என்று தட்டிவிட்டாள். ஒவ்வொரு கோப்பாகத் திறந்தாள். நூற்றெண்பதை எடுத்தாள். மூடுவதற்கு முன் மற்ற எண்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். அடுத்ததைத் திறந்தாள். அத்தா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடையைத் தின்பதை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாற்றியதும் விளையாட்டை மூடித் திறக்க வேண்டும். எங்கள் மடிக்கணினியில் அது திறப்பதற்குள் ஒரு சாம்பார் வைத்து இறக்கிவிடலாம். மதியத்து லுஹர் தொழுகைக்குள் ஊர் திரும்ப வேண்டும் என்று அத்தா சொல்லியிருந்தார்.

"அங்க வேலைக்குப் போனாலும் இதேதானா?" என்று அத்தா கேட்டார். திரையில் கோடு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

"இதேதான் அத்தா. படம் போடறது பாதி. மிச்சப் பாதி, எங்க தப்புன்னு தேடறது."

"யாராவது பக்கத்துல நின்னுக்கினு ஜல்தி ஜல்திம்பாங்களா?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அவர் "ம்" என்றார். அடையைப் பிட்டு வாயில் போட்டார். அந்த 'ம்' எந்தப் பக்கம் என்று எனக்குப் புரியவில்லை. நஸ்ரினுக்கும் புரியவில்லை என்று அவள் காதுமடல் சிவந்ததில் தெரிந்தது.

இறங்கினோம்

இரண்டாவது முறை அவளே ஓட்டினாள். நான் பாதை மட்டும் போட்டுக் கொடுத்தேன். இந்தத் தடவை கோடு முகையூரைப் பின்னாலிருந்து போய்த் தொட்டது. பார்த்துப் பார்த்துச் சரிபார்த்தேன். காலம் ஓடியது. புள்ளி வந்தது. வேகக் கணக்கைப் பார்த்தேன். சின்ன எண். நம்பமுடியாமல் மறுபடி பார்த்தேன். அடக்கமான, அருமையான சின்ன எண்.

"எரி" என்றேன். எரித்தாள். கப்பல் முகையூரைச் சுற்ற ஆரம்பித்தது. நாங்கள் மாதக்கணக்கில் குறுக்கு வழியில் எட்டிப் பார்த்த கோள்தான் அது. ஆனால் கிளம்பி வந்து பார்க்கும்போது வேறாக இருந்தது.

இறங்கத் தொடங்கினாள். கீழே மலைத்தொடர் விரிந்தது. சூரியன் ஓரத்தில் இருந்ததால் ஒவ்வொரு வரப்புக்கும் நீள நிழல். அத்தா நாற்காலியை விட்டு எழுந்து, முட்டி போட்டு, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஏம்மா நஸ்ரின்," என்றார். "இது மல்லாட்டத் தோலு இல்ல?"

நாங்கள் அவருக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. அவள் கை நழுவி, கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. "அத்தா, பேசாதீங்க, உழுந்துடும்" என்று கத்திக்கொண்டே நிமிர்த்தினாள். எஞ்சின் தூசியைக் கிளப்பியது. ஒரு கால் பாறையில் பட்டது. கப்பல் சறுக்கியது. இன்னும் கொஞ்சம் சறுக்கியது. நின்றது.

நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு அக்கா ஜன்னலைத் திறந்து பார்த்தார். அம்மா என்ன நடந்தது என்றே தெரியாமல் கைதட்டினாள். நஸ்ரின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அத்தா மட்டும் எழுந்திருக்காமல், அந்த மலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் முகையூரின் வெயில் மெல்லச் சாய்ந்தது.

"நேரமாவுது" என்று எழுந்தார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டு வரை நஸ்ரின் என்னைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன். பாண்டி பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. அவள் முதல் படியில் காலை வைத்துவிட்டாள். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது.

"அத்தா, இன்னா முடிவு பண்ணீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

அவர் பையைத் தோளில் மாற்றிக்கொண்டார். "நாளைக்கு என்ன ஏத்திவுட இவ மெட்ராஸ் வர்றா இல்ல?"

"ஆமா."

"எனக்கு ஒரு பொட்டி இருக்குது. இவ பொட்டியையும் கட்டி அதே வண்டில போட்டுக்கினு போயிடலாம். இவ எதுக்கும்மா திரும்பி வரணும்? அங்கியே எறங்கிக்கட்டும்."

படியில் நின்றவள் திரும்பினாள். அவளுக்குப் பின்னால் ஏறக் காத்திருந்தவர்கள் முண்டினார்கள். "யம்மா, வழில நிக்காத, உள்ள போ, வண்டி எடுக்கணும்" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். அவள் அசையவில்லை. அத்தாதான் முதுகில் கைவைத்து மெதுவாக ஏற்றிவிட்டார்.

பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்று அழுதேன். நல்ல அழுகை. நிறுத்தத் தோன்றவில்லை. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"யாரும்மா போறது?" என்று கேட்டாள்.

"எங்க ஊட்டுப் பொண்ணு," என்றேன். "மெட்ராஸ்ல வேல கெடச்சிருக்குது."